பேர் தைச்ச சட்டை

முடி ஒட்ட வெட்டியிருக்கீங்களே, பட்டாளத்துல இருக்கீங்களா தம்பி? இல்லியா? போலீசும் இல்லியா? வெயிலுக்காக வெட்டினதா? அப்பச் சரி. அந்தப் பையைச் சித்த மடியில வெச்சுக்குங்க, உக்காந்துக்கறேன். பட்டாளத்துக்காரன்னு சொல்லியிருந்தீங்கன்னா வேற எடம் பாத்துட்டுப் போயிருப்பேன். காலையில இருந்து பச்சைச் சட்டையாப் பாத்துப் பாத்துக் குமட்டிட்டு வருது.

கோயமுத்தூர்ல ஒரு விசாரணைக்குப் போயிட்டு வர்றேன். கோர்ட்டு இல்லீங்க, பட்டாளத்து ஆபீசு. என்ற மாப்பிள்ளை சம்மந்தமா. மக வாணியோட ஊட்டுக்காரன், நவநீதன்னு பேரு. பட்டாளம்னதும் நீங்க எல்லைல துப்பாக்கியோட நிக்கற ஆளுன்னு நெனைப்பீங்க. அங்கதானுங்க நானும் ஏமாந்தேன். ஏமாத்திக் கட்டிட்டுப் போயிட்டாங்க என்ற புள்ளைய.

பொண்ணு பாக்க வர்றதுக்கு முன்னால தரகன் என்ன சொன்னான்? "பையன் மிலிட்டரிங்க." அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை போதுமுங்களே எனக்கு. வேற எதையும் கேக்கலை. பையனோட அம்மா என்னமோ சொல்ல வந்துச்சு. "இல்லீங்க சம்மந்தி, அவன் முழு நேரம் இல்லீங்க, வருசத்துல..."ன்னு இழுத்துச்சு. "அதெல்லாம் எங்களுக்குத் தெரியுமுங்க, நீங்க பலகாரம் எடுத்துக்குங்க"ன்னு தட்டை நீட்டிட்டேன். சொல்றவிய அழுத்திச் சொல்லியிருக்கோணுமா இல்லியா? ஒரு தடவை வாயைத் தொறந்துட்டு மூடிக்கிட்டா எப்படி?

பத்திரிகையில அவன் பேருக்குக் கீழ "இந்திய ராணுவம்"னு கொட்டை எழுத்துல போட்டேன். மண்டபத்துக்கு முன்னால பெருசா ஃபிளெக்ஸு. அதுக்குத் துப்பாக்கியோட ஒரு போட்டோ கேட்டா, அதெல்லாம் குடுக்கக் கூடாதுங்க மாமான்னுட்டான். விடுவேனா? ஃபிளெக்ஸு கடைக்காரன் வேற எவனோட உடம்புலயோ இவன் தலையை ஒட்டிக் குடுத்தான். பனிமலை, பின்னால ஹெலிகாப்டர், கையில மிசின் கன்னு. ஊரே நின்னு பாத்துச்சுங்க. இவன் மண்டபத்து வாசல்ல கார்ல இருந்து இறங்கி அதைப் பாத்தான், மூஞ்சி செத்துப் போச்சு. "அது நான் இல்லீங்களே மாமா"ன்னான். "தலை உங்களுதுதானுங்களே மாப்ளே"ன்னேன். சிரிக்கக்கூட இல்லை. அன்னிக்கே எனக்கு ஆள் மேல ஒரு மாதிரி ஆயிப்போச்சு.

கல்யாணம் முடிஞ்சு பத்துப் பதினஞ்சு நாள் இருக்கும். புள்ளையப் பாக்கலாம்னு காலையில சிங்காநல்லூருக்குப் போறேன். நம்ம ராணுவ வீரர் வாசல்ல வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு நிக்கறாரு. மேல ஆயில் கறை படிஞ்ச நீலச் சட்டை. ஹேண்டில்ல தூக்குப்போசி தொங்குது. எந்த ராணுவத்துலங்க தூக்குப்போசியில தயிர்ச்சோறு எடுத்துட்டுப் போவாங்க? எங்க மாப்ளே கிளம்பிட்டீங்கன்னா, "ஷிப்டுக்குங்க மாமா, பட்டறைக்கு"ங்கறான். பம்புசெட்டுக் கம்பெனிக்கு ஷாஃப்ட் கடையற லேத்துப் பட்டறையாம். அங்க வேலையாம். அப்படியே படியில உக்காந்துட்டேன்.

அப்புறமேட்டு வாணிதான் சொன்னா. டெரிடோரியல் ஆர்மின்னு ஒண்ணு இருக்குதாம். சொந்தமா ஒரு தொழிலோ வேலையோ இருக்கறவனைத்தான் அதுல சேப்பாங்களாம். பத்து மாசம் அவன் வேலை, ரெண்டு மாசம் கேம்ப்பு. சண்டை கிண்டை வந்தா, இல்ல ஆள் பத்தலைன்னா, மொத்தமாக் கூப்புட்டு அனுப்புவாங்களாம். "சம்மந்தி வீட்டுல அன்னிக்கே சொன்னாங்களேப்பா"ங்கறா. சொன்னாங்களாம்! கெரகம்டா சாமி. ஊர்ல எவன்கிட்ட நான் இதைச் சொல்லுவேன்? ஹெலிகாப்டர் போட்டு ஃபிளெக்ஸு அடிச்சுட்டு, மாப்ளை லேத்து ஓட்டறான்னு டீக்கடையில போய்ச் சொல்ல முடியுமா? நான் சொல்லலை. இன்னி வரைக்கும் "லீவுல வந்திருக்காப்ல"ன்னே சொல்லிட்டிருக்கறேன்.

ரெண்டுங்கெட்டான் பொழப்புங்க அது. பாத்தா உங்களுக்கே எரிச்சலாகும். விடியறதுக்கு முந்தி எந்திரிச்சு பைபாஸ் ரோட்டுல ஓடுவான். உடம்பைக் கட்டுல வெச்சிருக்கோணுமாம், இல்லைன்னா கேம்ப்புல கழிச்சுருவாங்களாம். ஓடிட்டு வந்து குளிச்சுட்டுப் பட்டறைக்குப் போவான். நாள் பூரா மிசின்கிட்ட நிப்பான். ஞாயித்துக்கிழமை சொந்தபந்தத்துல ஒரு காதுகுத்து, ஒரு சீருன்னு கூப்புட்டா வரமாட்டான். ரெண்டு மாசம் இல்லாமப் போறதுக்கு ஞாயித்துக்கிழமைல வந்து வேலையை ஈடு கட்டோணும்னு முதலாளி சொல்லியிருக்கறாராம். அந்த முதலாளி வாய் வேற. "நாட்டைக் காப்பாத்தறதுக்கு வேற ஆளே இல்லியாடா? என்ற ஆர்டரை எவன்டா காப்பாத்தறது?"ன்னு எல்லார்த்து முன்னாலயும் கேப்பாராம். வாணி சொல்லி வருத்தப்பட்டா. எனக்கென்னமோ அந்த முதலாளி கேட்டதுல தப்பே தெரியலை.

சரி, கேம்ப்புக்குப் போயிட்டுத் திரும்பி வந்தான்னா பட்டறையிலயாவது நிம்மதியா? அவன் இல்லாத ரெண்டு மாசத்துல வேற எவனோ அந்த மிசினை ஓட்டி நாசம் பண்ணி வெச்சிருப்பான். அதைச் சரி பண்றதுக்கே இவனுக்கு ஒரு வாரம். கேம்ப்புக்குப் போனா ஹவில்தாரு "என்னய்யா லேத்துக்காரரே, தொப்பை போடுது"ம்பானாம். இங்க வந்தா கூட வேலை செய்யறவனுக "வாங்க ஜெனரல்"ம்பானுங்களாம். ரெண்டு எடத்துலயும் கேலி. இதைச் சிரிச்சுட்டே சொல்லுவான் என்கிட்ட. எனக்குச் சிரிப்பே வராது. பேத்தி பொறந்தப்ப இவன் எங்க இருந்தான்? கேம்ப்புல. ஆஸ்பத்திரில கையெழுத்துப் போட்டது நான். பொறந்து மூணு வாரம் கழிச்சு வந்து எட்டிப் பாக்கறான், கொளந்தை இவன் மீசையைப் பாத்து வீல்னு கத்துது.

ஒண்ணு மட்டும் சொல்லோணும். மிலிட்டரி கேண்டீன்ல இருந்து தீவாளிக்கும் பொங்கலுக்கும் ரெண்டு பாட்டில் ரம்மு வந்துரும். அது நயம் சரக்குங்க. அந்த ஒரு விசயத்துல மாப்ளையைக் குறை சொல்லக் கூடாது. அதையும் "மாமா, இதை யாருக்கும் குடுக்கக் கூடாது, நீங்க மட்டும்"ன்னு நூறு தடவை சொல்லித்தான் குடுப்பான். ஒரு சந்தோசத்தை முழுசாக் குடுக்கத் தெரியாதுங்க அவனுக்கு.

இந்த வருசம் அவன் பட்டாலியனை மொத்தமாக் கூப்புட்டாங்க. வடக்கே எங்கியோ, மூணு வருசம். முழு நேரம், முழுச் சம்பளம். அந்த மாதிரி சேவகம் சேந்துட்டே வந்தாத்தான் கடைசியில பென்சன்னு ஒண்ணைப் பாக்க முடியுமாம். அத்தனை வருசமா பைபாஸ்ல ஓடினது இதுக்குத்தான்னு வாணி சொன்னா. முதலாளிகிட்ட மாசக்கணக்காப் பேசி, திரும்பி வந்தா வேலை உண்டுன்னு ஒத்துக்க வெச்சிருக்கறான். புள்ளையும் சரின்னுட்டா. கொளந்தையை வெச்சுட்டு மூணு வருசம் தனியா இருக்கறேன்னு அவளே சொல்லியிருக்கறா. கிளம்பறதுக்கு இன்னும் ஒரு மாசம். எனக்கும் சந்தோசந்தானுங்க. இப்பவாச்சும் நான் ஊர்ல சொன்னது நெசமாகுதேன்னு.

அந்த நேரத்துலதான் இந்தத் தடத்துப் பிரச்சினை வந்து விழுந்துச்சு.

என்ற தோட்டத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவுல கிட்டுசாமி காடு. என்ற பங்காளிதான், பேருக்கு. அதுக்குள்ள பூந்துதான் எங்க வண்டித்தடம். எங்கப்பன் காலத்துல இருந்து மாட்டு வண்டி போன தடம். இவன் திடீர்னு கல்லு நட்டுக் கம்பி வேலி போட்டுட்டான். தேங்காய் லோடு எப்படிங்க வெளிய போகும், தலையில தூக்கிட்டா? தாலுகா ஆபீசுல மனுக் குடுத்து, நடையா நடந்து, சர்வேயர் வந்து அளந்து பாக்கறதுக்கு நாள் வாங்கிட்டேன். கிட்டுசாமி என்ன பண்ணினான்? அவன் அக்கா பையன் போலீசுல ஏட்டு. சர்வேயர் வர்றன்னிக்கு அந்த ஏட்டு யூனிபாரத்தோட வந்து வேலிகிட்ட நிப்பான்னு ஊர் பூராச் சொல்லிட்டுத் திரியறான். வந்து நின்னா சர்வேயர் யாரு பக்கம் சங்கிலியைப் போடுவான், சொல்லுங்க? அப்பத்தான் எனக்கு ரோசனை வந்துச்சு. அவனுக்குக் காக்கின்னா நமக்கும் ஊட்டுல ஒரு பச்சை இருக்குதே.

நேராப் போய் மாப்பிள்ளைகிட்டக் கேட்டேன். மரியாதையாத்தான் கேட்டேன். "மாப்ளே, ஒரு மணி நேரம். யூனிபாரத்தைப் போட்டுட்டு வந்து தடத்துல நில்லுங்க. பேசக்கூட வேண்டாம், சும்மா நின்னாப் போதும்"னேன்.

"யூனிபாரத்தைச் சொந்த வேலைக்குப் போடக் கூடாதுங்க மாமா."

"யாருங்க பாக்கப் போறாங்க நம்ம காட்டுல?"

"யாரும் பாக்கலைன்னாலும் போடக் கூடாதுங்க. நான் லீவு போட்டுட்டு வர்றேன். வேட்டி சட்டையில உங்க கூட நாள் பூரா நிக்கறேன். ஏட்டுகிட்டயும் நானே பேசறேன்."

வேட்டி சட்டையில நிக்கறதுக்கு எனக்கு ஊர்ல ஆளா இல்லை? மாமனார் தேங்காய் லோடு நிக்குதுன்னு கண்ணுல தண்ணி வராத குறையாக் கேக்கறேன், இவன் எனக்குச் சட்டம் சொல்றான். மாசக் கடைசியில கிளம்பப் போற எடத்துக்கு அந்தச் சட்டையை இப்பவே தேச்சு மாட்டி வெச்சிருக்கறான், அது மட்டும் பத்திரமா இருக்கோணும். சீன்னு போச்சுங்க எனக்கு. அவன் ஊட்டுல காப்பித்தண்ணி கூடக் குடிக்காம எந்திரிச்சு வந்துட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு முருங்கைக்காய் கொண்டுட்டு மறுபடியும் போனேன். அவன் ஷிப்டுக்குப் போயிட்டான். வாணி கொளந்தையைக் குளிக்க வெச்சிட்டிருந்தா. பீரோ தொறந்துதான் இருந்துச்சு, சாவி அதுலயே தொங்குது. சட்டை முன்னாலயே மாட்டியிருக்குது. எடுத்து மடிச்சு முருங்கைக்காய்ப் பையில வெச்சுட்டு, "வர்றேன் சாமி"ன்னு வாணிகிட்டச் சொல்லிட்டு வந்துட்டேன். இதைப் போய்த் திருட்டுங்கறாங்க. அந்தப் பீரோ யாரு குடுத்ததுங்க? சீருல நான் குடுத்த பீரோ. அதுக்குள்ள இருந்து நான் ஒரு சட்டையை எடுத்தாத் திருட்டா? அடுத்த நாள் கொண்டு வந்து மாட்டியிருப்பேன். அவனுக்குத் தெரிஞ்சே இருக்காது. பேண்ட்டு தேடினேன், கிடைக்கலை. தேடிட்டே இருந்தா வாணி வந்துருவா.

என்ற பையன் பூபதிகிட்டக் குடுத்துப் போடச் சொன்னேன். அவனும் நல்ல உசரம், நெஞ்சு அகலம். முதல்ல மாட்டேன்னான். "மாமனுக்குத் தெரிஞ்சாக் கொன்னே போடுவாருப்பா"ன்னான். ஏன்டா, தடம் போச்சுன்னா நாளைக்கு உனக்குத்தானடா நட்டம்னு சொல்லித்தான் மாட்டி விட்டேன். கீழ ஜீன்ஸ் பேண்ட்டு, கால்ல செருப்பு. இருந்தாலும் மேல பாத்தா மிலிட்டரிதானுங்க. கண்ணாடியும் போட்டுட்டான். தடத்துல போய்க் கையைப் பின்னால கட்டிட்டு நின்னான் பாருங்க, எனக்கே எந்திரிச்சு நிக்கலாமான்னு இருந்துச்சு. கிட்டுசாமி வாயைத் தொறக்கலை. ஏட்டு ஓரமாப் போய் நின்னுட்டான். சர்வேயர் ரெண்டு பக்கமும் பாத்துட்டு, இன்னொரு நாள் வர்றேன்னு வண்டியை எடுத்துட்டான். அன்னிக்கு ஒரு நாள் நான் மனுசனா நடந்தேன் அந்த ஊர்ல.

பொழுதோட போனுல வந்துருச்சுங்க வீடியோ. ஏட்டு ஓரமாப் போனது பயத்துல இல்லை, படம் எடுக்கறதுக்கு. பூபதியை மேல இருந்து கீழ வரைக்கும், செருப்பு வரைக்கும் எடுத்திருக்கறான். நெஞ்சுல பேரு தைச்சிருக்குது, நவநீதன்னு இங்கிலீசுல. அதைக் கிட்டப் போய் எடுத்திருக்கறான். நாங்க யாரும் அதைப் பாக்கவேயில்லை. எனக்கு இங்கிலீசு படிக்கத் தெரியாது. பூபதிக்குத் தெரியும், ஆனா சட்டைக்குள்ள இருக்கறவனுக்குத் தன் நெஞ்சு எங்க தெரியுது? அவ்வளவுதான். ஊரு, தாலுகா, எங்கெங்கியோ சுத்தி, கடைசியில மாப்பிள்ளையோட பட்டாளத்து ஆபீசுக்கே போயிருச்சு.

அடுத்த நாள் ஸ்டேசன்ல கூப்புட்டாங்க. இன்ஸ்பெக்டர் மேசை மேல காலைப் போட்டுட்டுக் கேக்கறான், "யோவ், இந்தச் சட்டை எப்படிய்யா உனக்கு வந்துச்சு?"ன்னு. சுத்தி கிட்டுசாமி, ஏட்டு, ஊர்க்காரனுங்க நாலு பேரு. அத்தனை பேரு முன்னால, மக ஊட்டு பீரோவுல இருந்து எடுத்துட்டு வந்தேன்னு சொல்லவா? என்ற மரியாதை என்னங்க ஆகும்? "மாப்பிள்ளை குடுத்தாப்ல"ன்னேன். குடும்பம்னா ஒருத்தருக்கொருத்தர் குடுக்கறதுதானே? அதுல என்ன தப்பு வந்துருச்சுன்னு எனக்கு அப்பவும் வெளங்கலை, இப்பவும் வெளங்கலை.

அன்னிக்கு சாயங்காலம் வாணி போன் பண்ணினா. அழுகலை, கத்தலை. "அப்பா, அவர் குடுத்தார்னு நீங்க சொல்லிட்டு வந்துட்டீங்க. குடுத்தது உறுதியாச்சுன்னா பட்டாளத்துல பேரை எடுத்துருவாங்க. விசாரணைக்குக் கூப்புட்டிருக்கறாங்க. நீங்க வந்து நடந்ததைச் சொல்லிருங்கப்பா. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்"னா.

"என்னம்மா சொல்லோணும்?"

"நான்தான் கேக்காம எடுத்தேன்னு சொல்லுங்க."

கேக்காம எடுத்தேன். நாசூக்காச் சொல்றா பாருங்க. பெத்த மக என்னைத் திருடன்னு சொல்லச் சொல்றா, அதுவும் என்ற வாயாலயே. இருந்தாலும் வர்றேன்னு சொன்னேன். சொல்றேன்னும் சொன்னேன். புள்ளைக்காக.

இன்னிக்குக் காலையில போனேன். கேட்டுல பையைச் சோதிச்சு, பேரைக் கேட்டு, ஒரு மணி நேரம் பெஞ்சுல உக்கார வெச்சாங்க. வாணி கொளந்தையோட வந்திருந்தா. மாப்பிள்ளை முழு யூனிபாரம். நான் அவனை அந்த உடுப்புல நேர்ல பாத்தது இன்னிக்குத்தானுங்க முத தடவை. ஃபிளெக்ஸுல ஒட்டினது ஒண்ணுமே இல்லை இதுக்கு முன்னால. இப்படி வந்து ஒரு மணி நேரம் தடத்துல நின்னிருந்தா இத்தனை கூத்து எதுக்குன்னு நெனைச்சேன்.

உள்ள கூப்புட்டாங்க. அதிகாரி சின்னப் பையன், மீசை கூட இல்லை. பாலக்காட்டுப் பக்கமாம், தமிழ் நல்லாப் பேசறான். மேசை மேல ஸ்டேசன்ல புடுங்கி வெச்ச அந்தச் சட்டை, பாலிதீன் கவருக்குள்ள. மாப்பிள்ளை செவுத்தோரமா வெறைப்பா நிக்கறான். வாணி கதவுக்கு வெளிய, தாவாரத்துல. அங்க இருந்து எல்லாம் கேக்கும்.

"பெரியவரே, ஒரே ஒரு கேள்விதான். இந்தச் சட்டையை உங்களுக்கு நவநீதன் குடுத்தாரா?"

நான் தடத்துப் பிரச்சினையில இருந்து ஆரம்பிச்சேன். அது தெரியாம இது எப்படிங்க வெளங்கும்? எங்கப்பன் காலத்து வண்டித்தடம், கம்பி வேலி, ஏட்டு, எல்லாம் சொன்னேன். பாவம், பொறுமையாக் கேட்டுக்கிட்டான். கேட்டுட்டு, "சரிங்க. சட்டை?"ன்னான்.

நான் மறுபடியும் வேலிக்கே போனேன். அவன் சொன்னான், "அவர் குடுத்திருந்தா அவர் மேல நடவடிக்கை. அவர் குடுக்கலைன்னா நீங்க எடுத்திருக்கீங்க. அப்ப நாங்க போலீசுல புகார் குடுக்கணும், உங்க மேலயும் உங்க மகன் மேலயும். யோசிச்சுச் சொல்லுங்க."

பூபதிக்கு இப்பத்தான் பொண்ணு பாத்துட்டிருக்கறோம் தம்பி. தண்ணி கேட்டேன். ஒருத்தன் டம்ளர்ல கொண்டு வந்து குடுத்தான். குடிச்சேன். மெதுவாத்தான் குடிச்சேன், வயசான ஆளு, பொறை ஏறிக்கும். டம்ளரைக் கீழ வெச்சுட்டுச் சொல்லிரலாம்னுதான் இருந்தேன். சத்தியமாச் சொல்றேன், வாய் வரைக்கும் வந்துருச்சு வார்த்தை. இன்னும் ரெண்டு மடக்குத்தான் பாக்கி.

அதுக்குள்ள மாப்பிள்ளை, "நான்தான் சார் குடுத்தேன்"னுட்டான்.

என்னைப் பாக்கவேயில்லை. நேரா எதுத்த செவுத்தைப் பாத்துச் சொல்றான். அந்த அதிகாரிக்கே நம்பிக்கை இல்லை போல. "நவநீதன், நல்லா யோசிச்சுச் சொல்லு"ன்னான். "நான்தான் குடுத்தேன் சார்"னு மறுபடியும் அதையே சொன்னான். அப்புறம் அதிகாரி என்ற பக்கம் திரும்பி, "அப்படிங்களா பெரியவரே?"ன்னான்.

நான் என்னங்க பண்ண முடியும்? அத்தனை பெரிய ஆபீசுல, மாப்பிள்ளை சொன்னது பொய்யின்னு நான் சொல்றதா? மாப்பிள்ளையைப் பொய்யனாக்கறதா? மரியாதை இருக்குதுங்களே. தலையை ஆட்டினேன்.

இதுதானுங்க எனக்குத் தாங்கலை. பட்டாளத்துல சேர்றப்ப சத்தியம் எல்லாம் பண்ணுவாங்களாமே? யூனிபாரத்தைச் சொந்த வேலைக்குப் போடக் கூடாதுன்னு எனக்குப் பாடம் நடத்தினவன், அதே யூனிபாரத்தைப் போட்டுட்டு நின்னு முழுப் பொய் சொல்றான். அப்ப அன்னிக்குப் பேசின நேர்மை எல்லாம் எங்க போச்சு? தூ. நான் ஒருத்தன் உண்மையைச் சொல்லோணும்னு அத்தனை தூரம் பஸ்ஸேறிப் போனேன். சொல்ல விட்டானா?

பேரை எடுத்துருவாங்களாம். வடக்கே போறதும் இல்லை, கேம்ப்பும் இல்லை, பென்சனும் இல்லை. இனி ஒரு நாளும் அந்தச் சட்டையைப் போட முடியாதாம். பட்டறையிலயும் இவன் போறான்னு சொல்லி அந்த மிசினுக்கு வேற ஆளைப் போட்டாச்சு. இப்போதைக்கு டூல் சாணை பிடிக்கற எடத்துல நில்லுன்னு முதலாளி சொல்லியிருக்கறாராம். சரி, இனி ஞாயித்துக்கிழமை ஊட்டுல இருப்பான். கொளந்தை கூட இருப்பான். ஒரு வகையில நல்லதுதானுங்களே? அதைத்தான் வெளிய வந்து வாணிகிட்டச் சொன்னேன்.

மாப்பிள்ளை உடுப்பை மாத்திட்டு அந்த நீலச் சட்டையில வந்தான். "மதிய ஷிப்டுக்கு நேரமாச்சுங்க மாமா, நான் வர்றேன்"ன்னான். கொளந்தை கன்னத்தைத் தொட்டான். வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான். ஒரு வார்த்தை என்னைத் திட்டியிருந்தாக்கூடத் தேவலைங்க. திட்டினா நாமளும் நாலு வார்த்தை திருப்பிக் கேக்கலாம்.

பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வாணி கூட வந்தா. "வா சாமி, ஒரு டீ குடிச்சுட்டுப் போலாம்"னு கூப்புட்டேன். வேண்டாம்னா. பேத்திக்குப் பன்னு வாங்கித் தர்றேன்னேன். அதுவும் வேண்டாம்னா. பஸ்ஸு வர்றது தெரிஞ்சதும் என்னை நேராப் பாத்தா.

"அப்பா, இனி எங்க ஊட்டுக்கு வர்றதா இருந்தா முன்னாலயே சொல்லிட்டு வாங்க."

"ஏஞ்சாமி, என்ன விசேசம்?"

"பீரோவைப் பூட்டி வெக்கோணும்."

கத்தியிருந்தாத் தெரியும் அவளுக்கு. கத்தலை. இட்லிக்கு மாவு இருக்குதான்னு கேக்கற குரல்ல சொல்றா. என்ற மக. நான் தோள்ல தூக்கிட்டுத் தேருக்குப் போன புள்ளை. பஸ்ஸேறி இந்தப் பக்கமா ஜன்னலோரத்துல வந்து நின்னேன். பேத்திக்கு என்ன தெரியும், ரெண்டு வயசு. என்னைப் பாத்து டாட்டா காட்டுச்சு. நானும் கையைத் தூக்கினேன். வாணி அந்தப் பிஞ்சுக் கையைப் புடிச்சுக் கீழ இறக்கி, கொளந்தையை அந்தப் பக்கம் திருப்பித் தோள்ல போட்டுட்டு நடந்துட்டா.

நீங்களே சொல்லுங்க தம்பி, ஒரு சட்டைக்குப் பண்ற காரியமுங்களா இது?